முந்தானையில் இரண்டு கார்

தமிழ்ச்செல்வி தறிக்குழியில் இறங்கி, என் போனைத் துணிக்கு அடியில் நீட்டி மூன்று போட்டோ எடுத்துக் கொடுத்தாள். முதல் இரண்டில் அவள் கட்டைவிரல் விழுந்திருந்தது. மூன்றாவது நன்றாக வந்திருந்தது. பட்டுப் புடவையின் நல்ல பக்கம் நெய்யும்போது கீழே பார்த்தபடி இருக்கும். மேலே உட்கார்ந்து நெய்கிறவர் கண்ணில் படுவதெல்லாம் பின்பக்கத்து நூல்தான். அதனால் அவள் வீட்டுக்காரன் குணா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பான். இரண்டு அங்குலம் நெய்ததும் அதை அடியில் நுழைத்துப் பார்த்துக்கொள்வான். கண்ணாடியில் பூவும் மயிலும் ஒழுங்காகத் தெரியும், எழுத்து மட்டும் திரும்பித் தெரியும். போனில் எழுத்தும் நேராக வந்துவிடும். மாம்பழ நிற முந்தானையில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. ஒன்று சிவப்பு, ஓரமெல்லாம் ஜரிகை. அதன் கீழே ‘ஹேமநாத்’ என்று இருந்தது. இன்னொன்று சாம்பல், வெறும் பட்டு நூல். அதன் கீழே ‘அப்பா’.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் காருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் புடவைக்கு டிசைன் போடுகிறவள். பதினோரு வருஷம் மாணிக்கவேல் அண்ணன் கடையில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாங்காயும் அன்னமும் போட்டுக்கொண்டிருந்தேன். தை மாதம் விட்டுவிட்டு வந்தேன். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. “உன் சேரை யாருக்கும் குடுக்கமாட்டேன் பானு, எப்ப வேணா வா” என்று சொல்லித்தான் அனுப்பினார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சேர் அன்றிலிருந்து என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இது நான் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர். என் வார்த்தையை நம்பி, குணா வழக்கமாக நெய்து கொடுக்கும் கடைக்காரரின் பாவு நூலை வேண்டாமென்று சொல்லிவிட்டு என் பாவு நூலைத் தறியில் ஏற்றியிருந்தான். இந்தப் புடவை நல்லபடியாகக் கைமாறினால் நான் என் வீட்டு மாடியறையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அந்தச் சேர்தான். குணா என்னைவிடப் பாவம், எந்த முகத்தோடு பழைய கடையில் போய் நிற்பான் என்று தெரியாது.

போட்டோவை அபிதாவுக்கு அனுப்பினேன். அபிதகுசாம்பாள் என்பது முழுப்பெயர், வேலூர்ப் பெண், சென்னையில் வேலை, பதினோரு நாளில் கல்யாணம். ரிசப்ஷனுக்குக் கட்டிக்கொள்ளத்தான் இந்தப் புடவை. இப்போதெல்லாம் முந்தானையில் பெண் மாப்பிள்ளை முகத்தை நெய்து வாங்குகிறார்கள். முகம் போடுவது எனக்கு ஆகாத வேலை. மூக்கில் ஒரு கட்டம் தள்ளிப்போனால் மாப்பிள்ளை மாமனாராகிவிடுவார். இந்தப் பெண் போனில் கூப்பிட்டு, “முகமெல்லாம் வேணாம்க்கா, ரெண்டு காரு நெய்யணும். ஒண்ணு எங்கப்பாவோடது, பழைய ஸ்போர்ட்ஸ் காரு. இன்னொண்ணு அவரோடது, புதுசு” என்றபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. காருக்கு மூக்கு கிடையாதே. காரணத்தையும் அவளே சொன்னாள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை விளையாட்டாக, “அங்கிள் வண்டி ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவள் அப்பா மாப்பிள்ளையோடு நேராகப் பேசுவதில்லையாம். “புடவையிலயாவது ரெண்டும் பக்கத்துல நிக்கட்டும்க்கா” என்றாள். இரண்டு போட்டோ அனுப்பினாள். எது எது என்று எழுதவில்லை. நான் கேட்டதற்கு, “பாத்தாலே தெரியும்க்கா” என்றாள்.

பார்த்ததும் தெரியத்தான் செய்தது, அதுதான் கொடுமை. ஒரு போட்டோவில் சிவப்புக் கார், குங்குமச் சிமிழ் மாதிரி பளபளவென்று. அதன் மேல் கேமரா பிடித்தவரின் வேட்டிகூடத் தெரிந்தது. கம்பியெல்லாம் வெள்ளியாக மின்னியது. இன்னொன்றில் சாம்பல் கார். மேலே ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. தகரத்தை மடித்து மடித்து வைத்ததுபோல் மூலை மூலையாக இருந்தது. விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கீறல். சக்கரமெல்லாம் கறுப்பு. பாவம், அப்பாவின் வண்டி மரத்தடியில் கிடந்து வெயில் மழை பார்த்திருக்கிறது, இப்போது பட்டி பார்த்து முதல் கோட் அடித்து வைத்திருக்கிறார்கள், கல்யாணத்துக்குள் பெயிண்ட் அடித்துவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் அலமாரியிலிருந்து எடுத்த புடவையைத் தொடாமலே வயசு சொல்லிவிடுவோம். மினுக்கம் இருந்தால் புதுசு, மங்கிவிட்டால் பழசு. பட்டில் பிறந்து பட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. இருந்தாலும் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் வந்தவாசி பஸ்ஸில் கண்டக்டர், தினமும் ஆயிரம் வண்டி பார்க்கிறவர். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, “செவப்புதான் மாப்ள வண்டி. இது காயலாங்கடைக்குப் போற கேஸு” என்றார்.

அதற்கப்புறம் சிவப்புக் காரோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். அதன் சக்கரத்துக்கு மேல் இருக்கிற வளைவு ஒரே இழுப்பில் கதவு வரை போய் இறங்குகிறது. கட்டத்தாளில் வளைவு என்று ஒன்று கிடையாது, சின்னச் சின்னப் படிக்கட்டுதான். படி தெரியாமல் படி கட்டவேண்டும். சாம்பல் காரை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன், எல்லாம் நேர்க்கோடு. முடித்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை. பெரியவருடைய வண்டிக்கு நாம் இவ்வளவு குறைவாக மெனக்கெடலாமா என்று ஓரத்தில் இரண்டு கோட்டைச் சேர்த்துக் கொஞ்சம் உடம்பு தேற்றினேன். ஜரிகை மட்டும் போடவில்லை, இல்லாத மினுக்கத்தை இருப்பதாகக் காட்டினால் கிண்டல் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன் பாருங்கள்.

நான் அனுப்பிய முந்தானைப் போட்டோவுக்கு நீல டிக் விழுந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. குணா குங்குமத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “அறுத்துடலாமாக்கா?” என்றான். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுப்பதற்கு முன்னால் யார் கட்டப்போகிறார்களோ அவர்கள் பேரைச் சொல்லி மஞ்சள் குங்குமம் வைப்பான். அது அவன் பழக்கம். இரு என்றேன். போன் அடித்தது.

“அக்கா, காரு மாறிப்போச்சு.”

“இல்லியேம்மா. உங்க அவரு பேர்கிட்ட புதுசுதானே இருக்குது.”

“செவப்புதான்க்கா அப்பாவோடது. அறுவத்தஞ்சாம் வருஷத்து வண்டி. கிரேதான் புதுசு.”

நான் ஏதோ சொல்லவேண்டும் என்று, “அப்ப அதுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலியா?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “அதோட கலரே அதுதான்க்கா. மேட் ஃபினிஷ். அது போடறதுக்கு தனியா காசு” என்றாள். மினுக்கத்தை எடுப்பதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஜரிகைக்கு மினுக்கம் கூட்டுவதற்கு இந்த ஊரில் எவ்வளவு பேர் எத்தனை தலைமுறையாக என்னென்னவோ செய்துகொண்டிருக்கிறோம்.

குணாவிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியை அடியில் விட்டு வெகுநேரம் பார்த்தான். “இன்னாக்கா இது பேஜாரு. இதப் போய் புதுசுன்னு சொன்னா யாருக்கா நம்புவாங்க?” என்றான். வேறு வழிகளை யோசித்தோம். இன்னொரு புடவை நெய்ய இருபது நாள், இருப்பதோ பதினோரு நாள். எழுத்து தனி நூலில் போட்டது, பிரித்து எடுத்துவிட்டு எம்பிராய்டரியில் பேரை மாற்றிப் போடலாம். ஆனால் பிரித்த இடத்தில் தடம் நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ‘அப்பா’ என்கிற பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். கல்யாணப் பெண் அப்பாவைப் பிரித்தெடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்க முடியுமா? இதையெல்லாம் அபிதாவிடம் சொன்னேன். அவள் யாரிடமோ பேசிவிட்டு, “அப்பா ஞாயித்துக்கிழம நேர்ல வந்து பாக்கறேன்றாருக்கா. அதுக்கு முன்னாடி அறுக்க வேணாமாம்” என்றாள். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாணிக்கவேல் அண்ணன் கடைத் தெருப்பக்கம்கூடப் போகவில்லை, அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் நான் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சிவப்புக் கார்தான் முதலில் வந்தது. வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டே வருகிற பெரிய மனுஷர் மாதிரி ஒரு சத்தம். தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டே சீட்டு, கூரை இல்லை. அபிதா தலைக்குத் துப்பட்டா கட்டியிருந்தாள். ஓட்டி வந்தவர் அவள் அப்பா தணிகாசலம், வேலூரில் பல் டாக்டர், எழுபதை நெருங்கின வயசு. இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை, இஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். கண்ணமங்கலத்தில் சூடேறி நின்றுவிட்டதாம், இருபது நிமிஷம் ஆறவிட்டு வந்தார்களாம். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு ஆயில் கோலத்தின் மேல் விழுந்தது. தமிழ்ச்செல்வி உள்ளே போய் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து போட்டாள்.

பின்னாலேயே சாம்பல் கார். சென்னையிலிருந்து நேராக வந்திருந்தது. தெருமுனை வேகத்தடையில் வந்து நின்று, என்னவோ செய்தது, முன்பக்கம் மட்டும் மெதுவாக மேலே எழும்பியது. ஏறி இறங்கியதும் மறுபடி உட்கார்ந்துகொண்டது. மாடு படுத்து எழுவதைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். ஹேமநாத் இறங்கினார். ஒல்லியான பையன், கண்ணாடி, நான் நினைத்திருந்த திமிர் ஒன்றும் முகத்தில் இல்லை. மாமனாரைப் பார்த்து வணக்கம் சொன்னார். மாமனார் மகளிடம், “சாப்டாரான்னு கேளு” என்றார்.

இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது நான் மறுபடி பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்போதும் எனக்குச் சிவப்புதான் புதுசாகத் தெரிந்தது.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். குணா கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். டாக்டர் தறிக்குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாய்க்குள் பார்க்கிற பழக்கத்தில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “இந்த ஃபெண்டர் வளைவ யாரு போட்டது?” என்று சக்கரத்துக்கு மேல் இருந்த வளைவைக் காட்டிக் கேட்டார். நான்தான் என்றேன். “ஒரிஜினல் இப்டித்தான் இருக்கும். எனக்கு டிங்கர் பண்ணவன் இத சொதப்பிட்டான்” என்றார். அது பாராட்டா, குறையா, எனக்குப் புரியவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். பழசைப் புதுசென்று எண்ணிவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது, குணாவுக்கு இதில் பங்கில்லை, எழுத்தைப் பிரித்து மாற்றித் தருகிறேன் என்றெல்லாம். அவர் எழுந்து, “வாம்மா வெளிய” என்றார்.

சிவப்புக் காரின் கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். முழங்கால் மார்பில் இடித்தது. பெட்ரோலும் தோலும் கலந்த சூடான வாசனை. கதவைச் சாத்தினால் சாமான் அலமாரி சாத்துகிற சத்தம். தெருவில் இருக்கிற எல்லோரும் என் மடியிலேயே உட்கார்ந்திருப்பது போல் கிட்டத்தில் தெரிந்தார்கள். “எத பாத்து புதுசுன்னு நெனச்ச, சொல்லு” என்றார். சீட்டு பளபளவென்று இருக்கிறதே என்றேன். அது போன வருஷம் தைத்தது, ஆம்பூர்த் தோல் என்றார். பெயிண்ட்? ரெண்டு வருஷம் ஆகிறது, ஏழு கோட். கால் வைக்கிற தளம்? துருப்பிடித்துக் கொட்டிவிட்டது, ராணிப்பேட்டையில் புதுசாக அடித்தது. இஞ்சின்? உள்ளே எல்லாம் மாற்றியாயிற்று. கம்பிகளுக்கு முலாம் போட்டு ஆறு மாசம்தான் ஆகிறது. நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன்: “அப்ப இதுல அறுவத்தஞ்சு எதுங்க சார்?”

அவர் யோசித்தார். எழுபது வயசு மனுஷர் நடுத்தெருவில் நின்று வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். கடைசியில் ஸ்டியரிங்கைத் தொட்டு, “இது” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆர்.சி. புக்கு” என்றார்.

குணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்குவதற்காக, “லிட்டருக்கு எவ்ளோ குடுக்குதுங்க?” என்று கேட்டான். அவனிடம் இருப்பது ஒரு பழைய மொபெட். டாக்டர் எட்டு என்றார். ஹேமநாத்தைப் பார்த்தான். ஹேமநாத் தயங்கி, “ஆறு” என்றார். குணா இரண்டு வண்டியையும் மரியாதையோடு பார்த்தான்.

ஹேமநாத் என்னைத் தன் வண்டியிலும் உட்காரச் சொன்னார். சீட்டு என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை, தெருவின் சத்தமும் அறுந்துபோயிற்று. வெளியே தமிழ்ச்செல்வி வாயசைத்து ஏதோ கேட்டாள். டாக்டர் கையை ஆட்டிப் பேசுவதும் தெரிந்தது. குளுகுளுவென்று இருந்தது, சுகமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே யாரும் இல்லாத வீட்டில் நுழைந்துவிட்ட மாதிரி எழுந்து வரவேண்டும் போலவும் இருந்தது. அந்த வண்டியில் எல்லாவற்றையும் வண்டியே பார்த்துக்கொள்ளுமாம். கியர் போடவேண்டாம், மழை வந்தால் அதுவே துடைத்துக்கொள்ளும். மாமனார் வண்டியில் மழை வந்தால் மனுஷர்தான் நனையவேண்டும். இதில் எது உசத்தி என்று என்னைக் கேட்டிருந்தால் நான் இன்றுவரை பதில் சொல்லியிருக்க மாட்டேன். இறங்கும்போது கதவோரத்தில் கை பட்டது. சாம்பல் நிறம் நகத்தில் லேசாக உரிந்து வந்தது. உள்ளே நீலம். எனக்கு உயிரே போயிற்று.

“பரவால்லக்கா” என்றார் ஹேமநாத். குரல் இறங்கியிருந்தது. “அது பெயிண்ட் இல்ல. மேல ஒட்டின ஸ்டிக்கரு. உள்ள நீலம்தான்.”

“ஏன் மூடினீங்க? நீலம் நல்லாத்தானே இருக்குது” என்றேன்.

“மொத ஓனர் கலரு. அங்கங்க கீறல் இருந்துச்சு.”

அபிதா திரும்பினாள். “மொத ஓனரா?”

“நான் மூணாவது. எட்டு வருஷம் ஆன வண்டி, அபி. புதுசு வாங்க என்னால முடியல.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“புதுசுன்னும் நான் சொல்லல. நீயா நெனச்சுகினே.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த நேரத்தில் நான் எங்கே நிற்பது, உரிந்த ஸ்டிக்கரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு பக்கம் கோபம்கூட வந்தது. பழசு என்கிறார்கள், உள்ளே எல்லாம் புதுசு. புதுசு என்கிறார்கள், மூன்றாவது கைக்கு வந்தது. இதில் பார்த்தாலே தெரியும் என்று என்னிடம் சொன்னது யார்? ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அவள் ஏமாந்தவள் மாதிரியும் இல்லை, மன்னித்தவள் மாதிரியும் இல்லை. எனக்கு அந்த நான்கு நாளும் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தாள். திரும்பிக் குணா வீட்டுக்குள் போய்விட்டாள்.

டாக்டர் சாம்பல் காரைச் சுற்றி வந்தார். உரிந்த இடத்தில் குனிந்து பார்த்தார், விரலால் நீலத்தைத் தடவினார். பிறகு முதல் தடவையாக மாப்பிள்ளையைப் பார்த்தே கேட்டார். “எத்தன கிலோமீட்டர்ல வாங்கினீங்க?”

“எழுவதாயிரம், அங்கிள்.”

“கியர்பாக்ஸு?”

“வாங்கி மூணு மாசத்துல போயிடுச்சு. பழைய பார்ட்ஸ் தேடிப் புடிச்சு நானும் ஃப்ரெண்டும் எறக்கி மாத்தினோம். மூணு ஞாயித்துக்கிழம ஆச்சு.”

“நீங்களே எறக்கினீங்களா?” என்றார் டாக்டர். பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி கேட்டார், அதற்குள் இன்னொன்று. எனக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. பத்து நிமிஷம் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். புடவை என்று ஒன்று இருப்பதே இருவருக்கும் மறந்துவிட்டது போலிருந்தது. எனக்கு மறக்குமா? “சார், முந்தானைக்கு ஒரு முடிவு சொல்லுங்க” என்று நடுவில் போய் நின்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். “அது அபி புடவைம்மா. அவதான் சொல்லணும்.”

தமிழ்ச்செல்வி அவ்வளவு நேரம் வாயைத் திறக்காதவள், வாசலில் நின்றபடியே சொன்னாள்: “புடவைல பேரு மாறித்தான் கெடக்குது. பேரு எதுல கீதோ அதுல ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டுதான் வாங்களேன். சரியா வருதான்னு பாக்கலாம்.”

கிண்டலாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தன் சாவியைப் பார்த்தார். அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் ஓட்டினதில்லை என்று அபிதா முன்பே சொல்லியிருக்கிறாள். சாவியை நீட்டினார், நீட்டிய கையை உடனே விடவில்லை. “ஃபர்ஸ்ட் கியருக்கு வண்டி முழுசா நிக்கணும். உருட்டிகினே போடக்கூடாது. பல்லு போயிடும்” என்றார். ஹேமநாத் தலையாட்டினார். டாக்டர் சாம்பல் காரில் ஏறி உட்கார்ந்தார். இடது காலால் இல்லாத கிளட்சைத் தேடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. சிவப்பு வண்டி இரண்டு தடவை உதறி நின்று, மூன்றாவது தடவை கிளம்பியது. தெருமுனையில் கியர் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. சாம்பல் காருக்குள் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். வேகத்தடையில் மூக்கைத் தூக்குவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடிப்பக்கம் உரசிக்கொண்டு போனது. சேவூர் ரோடு வரை போய்விட்டுத் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

உள்ளே அபிதா தறியோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “அபி, எழுத்தப் பிரிச்சுடட்டுமா? இல்ல, வேணாம்னாலும் சொல்லிடும்மா. நான் தாங்கிப்பேன்.” தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“ரெண்டு பேரும் வரட்டும்க்கா. சொல்றேன்” என்றாள். பிறகு, “எட்டு மாசமா அந்தக் கார்ல போய்கினு இருக்கேன். எனக்குத் தெரியல பாருங்க” என்றாள்.

“எனக்கு மூணு நாள் கட்டம் கட்டமா பாத்தும் தெரியல” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வரும் போலிருந்தது, வரவில்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சேவூர் ரோடுக்குப் போய் வர இவ்வளவு நேரம் ஆகாது. குணா குங்குமத் தட்டையும் கத்தியையும் மடிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கத்தியைக் கட்டைவிரலில் தடவிப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தான். வாசலில் ஆயில் துணி அப்படியே கிடந்தது. அபிதா கண்ணாடியை எடுத்து முந்தானைக்கு அடியில் நுழைத்தாள். நானும் குனிந்தேன். சின்ன வட்டத்துக்குள் சிவப்பும் சாம்பலும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. கீழே இருந்த எழுத்து திரும்பிப்போய்க் கோடும் சுழியுமாக இருந்தது, எது யாருடையது என்று படிக்க முடியவில்லை. அவள் கண்ணாடியை எடுக்கவில்லை.

தெருமுனையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்றுதான், எது என்று இன்னும் பிடிபடவில்லை. குணா கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அபிதாவைப் பார்த்தேன். அவள் கண்ணாடிக்குள் பார்த்தபடியே, “எது வருதுக்கா?” என்று கேட்டாள்.